இங்கிலாந்து ஒயினும் நம்ம ஊர்க் கள்ளும்

என் அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். போன மாதம் லண்டன் பையர் கொடுத்த ஒரு பாட்டிலோடு தோட்டத்துக்கு வந்தான். "மாமா, இது இங்கிலாந்துத் திராட்சையில செஞ்ச ஒயினுங்க" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வருசம் பூரா மூட்டமும் தூறலுமா இருக்கிற ஊரில் திராட்சை எப்படிடா பழுக்கும் என்று கேட்டேன்.

பழுக்கிறதாம். 1988-இல் சசெக்ஸ் பக்கம் நைட்டிம்பர் என்ற பண்ணையில் ஒரு அமெரிக்கத் தம்பதி, பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் விளையும் அதே திராட்சை ரகங்களை நட்டார்கள். ஆப்பிள் போடுங்கள் என்றுதான் அவர்களுக்கு யோசனை சொன்னார்களாம். ஆனால் தென் இங்கிலாந்தின் அடியில் இருப்பதும் ஷாம்பெயினின் அடியில் இருப்பதும் ஒரே வகைச் சுண்ணாம்பு மண். பூமி சூடாகச் சூடாக அங்கே பழத்துக்கு இனிப்பும் ஏறிவிட்டது. 2015-இல் டைட்டாஞ்சே என்ற பிரெஞ்சு ஷாம்பெயின் கம்பெனியே கென்ட் பகுதியில் நிலம் வாங்கியது. இப்போது பிரிட்டனில் திராட்சைத் தோட்டம் 4,000 ஹெக்டேருக்கு மேல். ஒரு காலத்தில் கேலி பேசியவர்களே இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நுரை, மெல்லிய புளிப்பு. பொய் சொல்வானேன், வெயிலுக்கு முன்னால் இறக்கின தென்னங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த பாட்டில் மேல் எந்த ஊர் மண், எந்த வருச அறுவடை என்று போட்டிருக்கிறது. அரசாங்கம் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. பண்ணைக்காரன் தன் தோட்டத்திலேயே செய்து, தன் வாசலிலேயே விற்கிறான். மகாராஷ்டிராவிலும் 2001-இல் ஒயினுக்குத் தனிக் கொள்கை போட்டு, நாசிக் திராட்சைக்காரர்களுக்கு வழி திறந்தார்கள். நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சேதிதான். ஆனால் குறியீடு வாங்கிய பழமும் இன்னும் கூடையில் எடை போட்டு, வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போகிறது.

நம்ம காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துக்குத் திராட்சை ஒத்து வராது. நமக்கு ஆண்டவன் கொடுத்தது பனையும் தென்னையும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கினால் கேஸ். பொள்ளாச்சி தாண்டிச் சித்தூர் போய்விட்டால் அதே தென்னை, அதே கள், லைசென்ஸ் கடை. மலைக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் குற்றம். இங்கே சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சின சரக்கை 2003 முதல் அரசே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. அது மது இல்லையாம், வருமானமாம்!

கள் வேண்டாம் என்று சொல்லும் பெண்களின் கோபம் எனக்குப் புரியும். என் அம்மாவே அப்படிப் பேசினவர்தான். கலப்படக் கள் பயமும் நியாயம்தான். ஆனால் சுத்தமான கள்ளில் போதை பீர் அளவுதான். ராத்திரிக்குள் புளித்துவிடும். ஒயின் மாதிரி வருசக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது. அதனாலேயே அது பெரிய முதலாளி கைக்குப் போகாமல், மரத்தடிக்குப் பத்து மைலுக்குள்ளேயே நிற்கும். கலப்படம் செய்வது தூரத்துக்கு அனுப்புகிறவன்தான்.

2017-இல் நீரா இறக்க அனுமதி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் ஆசையாக இறங்கினார்கள். ஐஸ் பெட்டி, வண்டி, பாட்டில், அனுமதிக் காகிதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மரக்காரனுக்கு மிஞ்சினது அலைச்சல். தெளுவை சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கிய நம்ம பாட்டன் ஐஸ் பெட்டியா தேடினான்?

இதில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மண்ணின் ருசி பேசுகிற நாம் அந்த மண்ணை என்ன செய்து வைத்திருக்கிறோம்? தென்னைக்கு வேர் வழியாக மோனோகுரோட்டோபாஸ் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மரத்துப் பாளையைச் சீவினால் முட்டியில் இறங்குவது கள்ளா, மருந்தா? நொய்யல் கரையில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காக 1992-இல் கட்டினார்கள். அதில் தேங்கினது சாயக் கழிவு. உப்பு ஏறின கிணறுகள் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. லண்டன்காரன் தன் சுண்ணாம்பு மண்ணைப் பாட்டிலில் எழுதி விற்கிறான். அவன் போட்டிருக்கும் பனியனின் சாய உப்பு நம்ம மண்ணில் கிடக்கிறது. கள்ளுக்கு அனுமதி கேட்கும்போதே, மருந்து கட்டாத மரத்துக் கள்ளுக்கு மட்டும் அனுமதி என்று நாமே கேட்கலாம். நம்ம ஆட்களிலேயே பாதிப் பேருக்கு அது கசக்கும். கசக்கட்டும்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சட்டம் நாளைக்கே மாறுதுன்னு வைங்க மாமா, மரம் ஏற ஆளுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டான். எங்கள் வரப்புப் பனைகளில் ஏறியவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் மகன் இவன் கம்பெனியில்தான் செக்கிங் டேபிளில் நிற்கிறான். பாளையை எந்தப் பதத்தில் தட்டுவது, எத்தனை நாள் கட்டிவைத்துச் சீவுவது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. பெரியவருக்குத் தெரியும். வருகிற பங்குனியில் அவரைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், தெளுவு இறக்கிக் காட்டத்தான். பையனும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.