குட்டி நாய்க்கும் மூட்டு வலிக்கும்

ஒரு வயதுகூட ஆகாத லாப்ரடார், தூங்கி எழுந்ததும் பின்னங்கால் விறைத்து நிற்கிறது, படியேறத் தயங்குகிறது, ஓடும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போலத் தாவுகிறது. இதைச் சோம்பல் என்று விட்டுவிடுகிறோம். தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாத பரம்பரைக் கோளாறாக அது இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். கொழுகொழுவென்று வளர்ப்பதுதான் பாசம் என்ற நம் எண்ணம் வலியைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். பந்தெறிந்து துரத்த விடாமல், கயிறு பிடித்து மெதுவாக நடத்துங்கள். நீந்த வசதியிருந்தால் இன்னும் நல்லது. பெரிய இனக் குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள், எலும்பு வளர்ச்சியே கெடும். முக்கியமாக, வீட்டிலிருக்கும் இபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். வலிக்கான மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும்.