தேநீர் நேரமும் வேலை நேரமே

முப்பது வருட அனுபவசாலி ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும் பெரிய நிறுவனங்களில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். அவருக்குத் தெரிந்ததை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவசர அவசரமாக ஒரு மென்பொருள் வாங்கப்படும். தெரிந்ததையெல்லாம் அதில் பதிவேற்றும்படி சுற்றறிக்கை போகும். கோப்புகள் குவியும், திறந்து படிப்பவர்தான் இருக்க மாட்டார். அவசரத்துக்கு ஊழியர்கள் போன் செய்வது, பழகிய ஆளுக்கு.

இதை முதலில் உன்னிப்பாகக் கவனித்தவர்களில் ஒருவர் ஜூலியன் ஆர் (Julian Orr). அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மானிடவியலாளர். நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஊழியர்களோடு 1980-களில் கூடவே போய்ப் பார்த்தார். எந்தப் பிழைக் குறியீடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிறுவனம் கையேடு கொடுத்திருந்தது. இயந்திரங்களோ கையேட்டுக்குக் கட்டுப்படவில்லை. திரையில் வரும் குறியீடு ஒன்று, உள்ளே இருக்கும் கோளாறு வேறு. அப்போதெல்லாம் கைகொடுத்தவை, காலைச் சிற்றுண்டியிலும் காபி மேசையிலும் சக ஊழியர்கள் சொன்ன கதைகள்: ‘எனக்கும் இப்படித்தான் ஒரு மிஷின் படுத்தியது...’ மேலாளர் கண்ணுக்கு அது வெட்டி அரட்டை. உண்மையில் அங்கேதான் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஜெராக்ஸ் பாடம் கற்றது. அந்தப் பேச்சில் புழங்கிய உத்திகளைத் திரட்ட ‘யுரேகா’ என்ற தரவுத்தளத்தை 1990-களில் பிரான்ஸில் தொடங்கியது. ஊழியர் எழுதும் குறிப்பைச் சக ஊழியர்களே சரிபார்த்தார்கள். பரிசுப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, குறிப்போடு தங்கள் பெயர் வந்தால் போதும் என்றார்கள். நாலு பேர் மதிக்கும் பெயர்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம்.

இன்ஃபோசிஸ் 2000-களின் தொடக்கத்தில் வேறு வழியில் போய்ப் பார்த்தது. அறிவைப் பகிர்ந்தவர்களுக்குப் புள்ளிகள், புள்ளிகளுக்குப் பரிசுகள். பதிவுகள் மளமளவென்று பெருகின. கூடவே தரம் குறித்த சந்தேகமும், எதைப் படிப்பது என்ற மலைப்பும் பெருகின. கடைசியில் திட்டத்தையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

பணமா, பழக்கமா என்ற கேள்விக்கு ஓர் அமெரிக்க விற்பனை நிறுவனத்தில் நடந்த பரிசோதனை தெளிவான விடை தருகிறது. அதன் முடிவுகள் 2020-இல் வெளியாயின. ஒரு பிரிவு ஊழியர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவரிடம் ஒருவர் ஆலோசனை கேட்க வைத்தார்கள்; இன்னொரு பிரிவுக்குக் கூட்டு விற்பனைக்கு ஊக்கத்தொகை. பேச வைக்கப்பட்டவர்களின் விற்பனை 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பரிசோதனை முடிந்து 20 வாரம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. ஊக்கத்தொகை தந்த உயர்வு, தொகை நின்றதும் வடிந்துவிட்டது. சொல்லித்தர ஆட்களுக்கு அங்கே பஞ்சமில்லை. போய்க் கேட்கத்தான் தயக்கம். ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் நம் அலுவலகங்களுக்கும் புதிதல்ல.

உறவு நெருங்கிய வட்டத்தோடு நின்றுவிட்டாலும் ஆபத்துதான். ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தின் 41 பிரிவுகளில் 120 திட்டங்களை ஆராய்ந்த மார்ட்டன் ஹான்சன், 1999-இல் எழுதிய கட்டுரையில் இதன் இரு பக்கங்களையும் காட்டினார். பயனுள்ள தகவல் எங்கே கிடைக்கும் என்று தெரிய, வேறு பிரிவுகளில் முகப்பழக்கம் இருந்தாலே போதும். சிக்கலான நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ளவோ நெருக்கம் வேண்டும். 2020-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது, மெலிந்தவை இந்தப் பிரிவு தாண்டிய தொடர்புகள்தான் என்று 61,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஊழியர்களைப் பற்றிய ஆய்வு சொல்கிறது.

இதைச் சாக்காக வைத்து எல்லோரையும் வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு இழுப்பதால் பயனில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் வாய் திறக்க நேரமில்லாத அலுவலகம், வீட்டைவிட எந்த வகையில் மேல்? நிர்வாகங்கள் செய்ய வேண்டியது சிக்கனமான காரியம்: புதிதாகச் சேர்ந்தவரை வேறு பிரிவின் மூத்தவர் ஒருவரோடு வாரம் ஒருமுறை உட்கார வையுங்கள், அந்த நேரத்தை வேலை நேரக் கணக்கிலேயே எழுதுங்கள்.