கேமரா வாங்கும் முன் கரண்ட்டைக் கவனியுங்கள்

வீட்டிற்குக் கண்காணிப்பு கேமரா வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மெகா பிக்ஸெல் வாங்கலாம் என்பதுதான். கேமராவிற்கு மின்சாரம் எங்கிருந்து, எந்த வழியாக வரப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்திட வேண்டியது அதைத்தான்.

நம் ஊர் வீடுகளில் மீட்டரும் மெயின் ஸ்விட்சும் பெரும்பாலும் வெளிச் சுவரிலோ போர்டிகோவிலோ இருக்கின்றன. கேட்டைத் தாண்டி வருபவன் மெயினை இறக்கி விட்டால், பிளக் பாயிண்ட்டில் அடாப்டர் மாட்டி ஓடும் கேமராக்கள் அத்தனையும் அணைந்துவிடும். எட்டு மெகா பிக்ஸெலில் கறுப்புத் திரைதான் பதிவாகும். வயர்லெஸ் கேமராவும் இதற்கு விலக்கல்ல. வயர் இல்லாமல் போவது படம் மட்டுமே; கரண்ட்டுக்கு வயர் வேண்டும். பேட்டரியும் சோலார் தகடும் கொண்ட கேமராக்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சார்ஜை மிச்சப்படுத்தத் தூங்கிக் கொண்டிருந்து, அசைவு தெரிந்த பிறகே விழித்துப் பதிவு செய்கின்றன.

மெயினை யாரும் தொடாவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்பக்கக் கேமரா பகலில் பளிச்சென்று தெரியும். இருட்டியதும் படம் விட்டுவிட்டு வரும். பொருத்தியவர் இரண்டு முறை கேமராவையே மாற்றிக் கொடுத்தார். கோளாறு வயரில் இருந்தது. இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கியதும் மின்னோட்டம் கூடும். 0.2 சதுர மில்லி மீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் ஓடினால், போக வர சுமார் 5 ஓம் தடை. பகலில் 0.25 ஆம்பியருக்கு ஒன்றேகால் வோல்ட்தான் குறையும். இரவில் 0.6 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் புறப்பட்டு 9 வோல்ட் வந்து சேர்ந்தால் கேமரா என்ன செய்யும், பாவம்! செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். கடையில் கேபிள் வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

இதனால்தான் நான் பவர் ஓவர் ஈதர்நெட் முறையைப் பரிந்துரைக்கிறேன். படம், மின்சாரம் இரண்டும் ஒரே நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை செல்லும். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தர வரையறையின்படி ஸ்விட்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். வீட்டுக் கேமராவிற்கு இது தாராளம். ஏறத்தாழ 48 வோல்ட்டில் செல்வதால், மேலே சொன்ன அதே கேமராவிற்கு 0.15 ஆம்பியர் போதும்; வழியில் ஏற்படும் இழப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மறுமுனையில் இருக்கும் சாதனம் மின்சாரம் ஏற்கக் கூடியதா என்று சோதித்த பிறகே ஸ்விட்ச் மின்சாரம் அனுப்பும். 'பாஸிவ்' என்று விற்கப்படும் மலிவான சாதனங்கள் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. அவற்றை வாங்க வேண்டாம்.

இன்னொரு பெரிய வசதி, எல்லாக் கேமராக்களுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது. அந்த ஓரிடத்திற்கு யூ.பி.எஸ். கொடுத்தால் போதும். நான்கு கேமராக்களுக்கு 28 வாட், ஹார்ட் டிஸ்க்குடன் ரெக்கார்டருக்கு 15, ரவுட்டருக்கு 10 என வைத்தால் மொத்தம் 53 வாட். சாதாரண 600 விஏ யூ.பி.எஸ்.சில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குப்படி 84 வாட் மணி. அதில் ஒரு பகுதி மாற்றும்போதே வீணாகும். ஒரு மணி நேரம் தாங்கினால் அதிர்ஷ்டம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைனிலேயே இணைத்து, இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டிலும் ரெக்கார்டர் அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

பட்ஜெட் இடிக்கிறதா? நான்கு கேமராக்களுக்குப் பதில் மூன்று வாங்கி, மிச்சப் பணத்தை ஸ்விட்சிலும் பேட்டரியிலும் போடுங்கள். பொருத்துபவர் பணம் வாங்கிக் கொண்டு கிளம்பும் முன், இருட்டிய பிறகு அவரையே மெயினை இறக்கச் சொல்லி, கேட்டிலிருந்து கொல்லைப்புறம் வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். பிறகு ரெக்கார்டரில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.