எதுக்கும் இருக்கட்டும் என்று கட்டுகிற காசு

போன மாதம் அப்பாவின் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் 7 பவுண்ஸ் ஒரு கம்பனிக்குப் போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "வோஷிங் மெஷினுக்கு" என்றார். அந்த மெஷினை நாங்கள் எறிந்து மூன்று வருடம். அது பழுதானபோது இப்படி ஒன்று கட்டுகிறோம் என்பதே அவருக்கு நினைவில் இருக்கவில்லை. வாங்கிய அன்று கடையில் நின்ற பொடியன் கேட்டானாம். "எதுக்கும் இருக்கட்டும் எண்டு ஓம் சொல்லிட்டன்." எட்டு வருடம், 672 பவுண்ஸ். மெஷினின் விலையே 380 தான்.

எனக்கு அப்பாவில் கோபமில்லை. என்னில்தான் கோபம். லண்டனில் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லாம் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொன்னேன். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸும் செய்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை.

தம்பி, தங்கச்சிமாரே, கடையில் "எக்ஸ்டெண்டட் வாரண்டி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சாதனம் எப்போது பழுதாகும் என்பதை எஞ்சினியர்கள் குளியல்தொட்டி வடிவத்தில் ஒரு கோடாகக் கீறுவார்கள். தொடக்கத்தில் தயாரிப்புக் குறைகளால் கோடு உயரமாக இருக்கும். நடுவில் பல வருடம் தட்டையாக இருக்கும். கடைசியில் தேய்மானத்தால் மறுபடி உயரும். முதல் உயரத்துக்குக் கம்பனியே தருகிற உத்தரவாதம் இருக்கிறது. உங்களுக்குக் காசுக்கு விற்பது பெரும்பாலும் அந்தத் தட்டையான நடுப்பகுதியைத்தான்.

அடுத்தது, சட்டம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்ற பொருள் நியாயமான காலம் உழைக்காவிட்டால் பொறுப்பு விற்ற கடைக்குத்தான். முதல் 6 மாதத்துக்குள் பழுதானால், விற்கும்போது குறை இருக்கவில்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிரூபிக்கும் வேலை உங்களுடையது. ஆனாலும் இங்கிலாந்தில் 6 வருடம் வரையும், ஸ்கொட்லாந்தில் 5 வருடம் வரையும் வழக்காடலாம். இதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. "அதெல்லாம் கம்பனியிடம் கேளுங்கோ" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, பல பழுதுகள் உங்கள் கைக்கு அடங்கியவை. போன குளிர்காலம் என் மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினேன். கீழே ஒரு தட்டை வைத்து, சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஃபில்டரைத் திறந்தேன். ஒரு 20 பென்ஸ் காசும் ஒரு கொண்டை ஊசியும் வந்தன. கால் மணி நேரம், செலவு இல்லை. தண்ணீர் சூடாகாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஹீட்டரை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது. இது நீங்கள் ஜிசிஎஸ்ஈயில் படித்த கணக்குத்தான்.

எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை. மைக்ரோவேவைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லுகிற மின்னழுத்தம் இருக்கலாம். கேஸ் பொயிலருக்குப் பதிவுசெய்த ஆள்தான் வர வேண்டும். ஃப்ரிட்ஜின் வாயுக் குழாயும் எங்கள் வேலை இல்லை. அதற்கெல்லாம் அந்த மாதம் 7 பவுண்ஸை உங்கள் பெயரிலேயே ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். பழுது வந்தால் அதிலிருந்து கொடுக்கலாம். வராவிட்டால் காசு உங்களுடையது.

"எனக்கு நேரமில்லை அண்ணா" என்பீர்கள். ரிப்பேர்காரருக்காக ஒரு நாள் லீவு போட்டு, காலை எட்டு மணியிலிருந்து வீட்டில் காத்திருப்பதும் நேரம்தானே?

90களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாங்கள் நாலு திருகாணிக்குப் பயப்படுகிறோம். காசு கட்டுவது கௌரவம், கழற்றிப் பார்ப்பது ஏழ்மை என்று எங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள்.

இந்தச் சனிக்கிழமை அம்மா அப்பாவோடு இருந்து அவர்களுடைய டைரக்ட் டெபிட் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாரண்டியைப் புதிதாக வாங்கியிருந்தால், கிளெய்ம் ஒன்றும் செய்யாதவரை 45 நாளுக்குள் ரத்துச் செய்து முழுக் காசையும் திருப்பி வாங்கலாம்.

அப்பாவினுடையதை நான் நிறுத்திவிட்டேன். "பிறகு பழுதானா என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"கூப்பிடுங்கோ அப்பா. ரெண்டு பேருமாக் கழட்டுவம்."