நூறு வீதமும் ஊருக்கே

எட்மண்டனில் எங்கள் ஆட்களின் எந்த நிதிசேகரிப்பு விருந்துக்குப் போனாலும் மேடைத் திரையில் இந்த வசனம் ஓடும்: "நீங்கள் தரும் காசு நூறு வீதமும் ஊருக்கே." நிர்வாகச் செலவு பூச்சியம், சம்பளம் பூச்சியம். நாங்களும் கொத்துரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுக் கைதட்டுவோம். நானும் வருடக்கணக்காகத் தட்டியவன்தான். இப்போது அந்த வசனமே எங்கள் தொண்டு வேலையைப் பிடித்த நோய் என்று நினைக்கிறேன்.

சுன்னாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 தையில், மின்நிலையத்தின் கழிவு ஒயில் கிணறுகளுக்குள் வந்துவிட்டது என்று வலிகாமத்துச் சனம் யாழ்ப்பாணத்தில் வீதிக்கு இறங்கியது. இங்கே நாங்கள் சுடச்சுட ஒரு விருந்து வைத்துக் காசு சேர்த்தோம். தண்ணீர்த் தாங்கியும் ஆர்.ஓ. இயந்திரமும் வாங்கக் கொடுத்தோம். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இயந்திரம் பூட்டிய அறைக்குள் கிடந்தது. வடிகட்டி மாற்றக் காசில்லையாம். கொடையாளிகளின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. ஒரு கொம்பனிக்கு மென்பொருளை நிறுவிவிட்டு, பராமரிப்புக்கு ஒரு சதமும் இல்லை என்று நான் சொன்னால் அன்றைக்கே என்னைக் கலைத்துவிடுவார்கள். ஊருக்கு என்றால் மட்டும் அது தருமம்.

அந்தக் கிணறுகளுக்கு நீதி கேட்டு வழக்காடியது எங்கள் விருந்து அல்ல. ரவீந்திர காரியவசம் என்ற சிங்களச் சூழலியல் செயற்பாட்டாளர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கு அது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றுக்குக் கூடியது 40,000 ரூபா. மிகச் சிறிய தொகைதான். ஆனால் அதுவும் கிடைத்தது, யாரோ கிணறு கிணறாகப் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அளவை எழுதி வைத்ததால். அந்த 'யாரோ'வுக்கு ஒரு சம்பளம் உண்டு. எங்கள் அகராதியில் அதற்குப் பெயர் நிர்வாகச் செலவு.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு அது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். யூரியாவும் மலக்குழியும் அதற்குள் இறக்கும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மாதாமாதம் அளந்தால்தான் தெரியும். ஒரு ஊர்ப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்து அளக்கவைக்க ஒரு தாங்கியின் விலை போதும். ஆனால் அளவெடுத்த கொப்பிக்கு முன்னால் நின்று ரிபன் வெட்ட முடியாதே.

"சம்பளம் என்றால் களவு தொடங்கும்" என்பார்கள். அந்தப் பயம் வெறும் பயமல்ல; சேர்த்த காசு போன இடம் தெரியாத கதைகள் எங்கள் எல்லோரிடமும் உண்டு. அதற்கு மருந்து கணக்குக் கேட்பது. இங்கே பதிந்த தொண்டு நிறுவனங்களின் விபரம் அறக்கட்டளை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் திறந்து கிடக்கிறது. கைதட்டிய எங்களில் எத்தனை பேர் அதைத் தட்டிப் பார்த்தோம்?

இன்னொன்று. வடக்குச் சுற்றுவீதியால் விருந்துக்கு வரும்போது ஒரு பெரிய புகைபோக்கி தெரியுமே, அது 1970களின் தொடக்கத்திலிருந்து வட லண்டனின் குப்பையை எரிக்கிறது. அதன் இடத்துக்கு, ஏழு உள்ளூராட்சிகளின் குப்பைக்காக, வருடம் 700,000 தொன் வரை எரிக்கக்கூடிய புதியது கட்ட முடிவெடுத்தார்கள். பழையதைவிடச் சுத்தம் என்கிறார்கள், இருக்கலாம். இவ்வளவு எரிக்க இடம் கட்டினால் மீள்சுழற்சிக்கு யார் மினைக்கெடுவார்கள் என்று இங்குள்ளவர்கள் கேட்டுப் போராடினார்கள். நான் போன கூட்டத்தில் என்னைத் தவிர ஒரு தமிழ் முகம் இல்லை. சுன்னாகத்துப் புகைக்கு அழுத எங்களுக்கு, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் உள்ள புகை கண்ணில் படவில்லை.

போன கிழமை அடுத்த விருந்துக்கு ரிக்கற் வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டு அனுப்பியிருந்தார். இந்த முறையும் ஆர்.ஓ. இயந்திரம்தான், வேறு ஊர். வடிகட்டி மாற்ற யார் காசு கட்டுவது என்று திருப்பிக் கேட்டேன்.

"அண்ணை, அது நிர்வாகச் செலவெல்லோ" என்று பதில் வந்தது.