"தோட்டக்காட்டான்" என்று சொல்லும் வாய்

2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆந் திகதி நாகபட்டினத்துப் பயணிகள் கப்பல் காங்கேசன்துறையை வந்தடைந்தது. வந்தவர்களை இன்முகங் காட்டி வரவேற்றோம். நன்று, விருந்தோம்பல் நமது பழைய வழக்கு. ஆனால் அதே மாதத்தில், துறைமுகத்துக்குக் கிட்டிய ஒரு தேநீர்க் கடையில் நாம் கண்ணாரக் கண்டது வேறு காட்சி. வீடு கட்டும் வேலைக்குக் கல் சுமந்து வந்த இளைஞன் ஒருவன், பேசிய கூலியிற் குறைத்துத் தந்துவிட்டார்களே என்று முறையிட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர், படித்தவர், உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், "உந்தக் கள்ளத்தோணிக்கு வாயைப் பார்!" என்றார். இளைஞன் பிறந்தது கிளிநொச்சியில். அவன் தந்தை பிறந்தது இரத்தினபுரியில். பாட்டன் பிறந்ததும் இந்த மண்ணிலே. சீட்டெடுத்து நேற்று வந்தவர் விருந்தாளி. தலைமுறை தலைமுறையாக இங்கே பிறந்தவன் கள்ளத்தோணி! இஃது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

அந்தச் சொல்லோடு பிறந்த இன்னும் இரு சொற்கள் நம் வீடுகளில் வழங்குகின்றன. ஒன்று 'வடக்கத்தியான்'. இந்தியாவிலிருந்து இறக்கிய மாட்டை வடக்கன் மாடு என்று போற்றி வளர்த்தோம். அதன் திமிலைத் தடவி விலை பேசினோம். அதே திசையிலிருந்து வந்த மனிதனை மட்டும் வயிற்றுவலியோடு சேர்த்து, நம்பத் தகாதவன் என்று பழமொழி கட்டினோம். மாட்டுக்குக் கிடைத்த மதிப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மற்றது 'தோட்டக்காட்டான்'. வலிகாமத்து விவசாயிகளே, இந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். "என்ன தொழில்?" என்று கேட்டால் "தோட்டஞ் செய்கின்றேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லுகின்றவர்கள் நீங்கள். செம்மண்ணைக் கொத்தி, கிணற்று நீர் இறைத்து, புகையிலையும் வெங்காயமும் விளைவித்துப் பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியது அந்தத் தோட்டந்தான். உங்கள் வாயிற் பெருமையாக இருக்கும் 'தோட்டம்', மலையிலே கொழுந்து பறிப்பவள்மீது விழும்போது மட்டும் காட்டோடு சேர்ந்து இழிசொல்லாவது எப்படி? அவள் பறித்த கொழுந்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தது. அவளை அடக்கி ஆண்ட வெள்ளையனையோ 'துரை' என்றோம், 'துரைமார்' என்றோம். ஆண்டவனுக்கு 'மார்', உழைத்தவனுக்கு 'ஆன்'! நம் இலக்கணம் யாரைக் கண்டு வளைந்தது என்பது இதனால் விளங்கவில்லையா?

"பேச்சு வழக்குத்தானே, மனத்தில் வஞ்சமில்லை" என்பார் உளர். தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்து வெள்ளையரும் இதைத்தான் சொல்லியிருப்பர். அங்கே சென்ற தமிழரின் பெயர்கள் பல 'சாமி' என்று முடிவதைக் கண்டு, இந்தியர் எல்லோரையும் ஏளனமாகச் 'சாமி' என்றே அழைத்தார்கள். காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். 'கூலி' என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். பணத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டிய பிறகு அவனைப் பணங் கொடுத்து வாங்கிய பொருளாக நடத்துவது எளிதாயிற்று. சொல் முன்னே போயிற்று. சாட்டை பின்னே போயிற்று.

இங்கும் அவ்வாறே நடந்தது. 1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரு கூறாக எண்ணினார்கள். வந்தேறி, கள்ளத்தோணி என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு அவர்களின் வாக்கும் போயிற்று. அந்த மசோதாவை எதிர்த்து நின்ற சா. ஜே. வே. செல்வநாயகத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது எந்தத் தொகுதி? இந்தக் காங்கேசன்துறைத் தொகுதிதான்! அவர் பெயரைச் சொல்லி மேடையேறுகின்றவர்கள் வீட்டுக்குப் போனதும் 'தோட்டக்காட்டான்' என்கிறார்கள். அவர் சிலைக்கு மாலை போட்ட கையைக் கழுவுவதற்கு முன்பே சொல்லுகின்றார்கள்.

1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தஞ் செய்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலைகளை எண்ணிப் பங்கிட்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. கப்பலேற்றப்பட்டு நீலகிரிக்குப் போனவர்களை அங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். எஞ்சி நின்ற கடைசி நாடற்றவருக்கும் பிரசாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இழிபெயர் சுமப்பது எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? 1990 இல் இவ்வூரை விட்டு ஓடினோம். சீமெந்துத் தொழிற்சாலைச் சங்கு ஓய்ந்தது; வீடும் கிணறும் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. சிலர் இருபது ஆண்டு, சிலர் இருபத்தைந்து ஆண்டு, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிற் கிடந்தோம். அப்போது நம் பெயர் என்ன? 'அகதி'. கிணற்றிலே தண்ணீர் அள்ளப் போனால் "முகாம்காரர் வந்திட்டினம்" என்றார்கள். சொன்னவர் சிங்களவரல்லர், நம் சொந்த வலிகாமத்துத் தமிழர். பள்ளியில் ஓர் ஆசிரியர் "அகதிப் பிள்ளைகள் எழும்புங்கோ" என்று சொன்ன நாளில், என் மகன் எழுந்து நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட மறுத்தான். காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன; எல்லாம் விடுபடவில்லை. திரும்பி வந்தவர்கள் அந்தப் பெயரை மட்டும் மறந்துவிட்டோமே!

கள்ளத்தோணி என்பதிலே இன்னொரு வேடிக்கையுமுண்டு. 1983 க்குப் பின் இரவோடிரவாகத் தோணியேறி இராமேசுவரக் கரையில் இறங்கியவர் யார்? 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேராகக் கனடாவை அடைந்தவர் யார்? அவர்கள் உயிர் காக்க ஓடினார்கள், குற்றமில்லை. அங்கே அவர்களைப் படகு மக்கள் என்றும் சட்டவிரோதிகள் என்றும் ஏசியபோது நமக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு தேநீர்க் கடையிலே எங்கே போயிற்று?

"சம்பளமும் காணியும் கேட்கவேண்டிய வேளையிற் பெயரைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஓர் இடதுசாரி நண்பர் கேட்கின்றார். கல் சுமந்தவன் கேட்டது சம்பளந்தானே, நண்பரே! அவன் வாயை அடைத்தது எது? அந்த ஒரு சொல்லன்றோ?

முஸ்லிம்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சோனகர் என்பது பழந்தமிழ்ப் பெயர். சோனகத் தெரு என்பது யாழ்ப்பாணத்தின் மதிப்புள்ள தெரு. அதை வெட்டிச் 'சோனி' ஆக்கினோம், 'தொப்பி' ஆக்கினோம். 1990 ஒக்ரோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்களை வெளியேற்றியபோது ஊர் வாளாவிருந்ததற்கு அந்தச் சொற்களும் ஒரு காரணம் என்பது எம் துணிபு. 'மோட்டுச் சிங்களவன்' என்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. 'பறத் தெமளா' என்று நம்மை ஒருவன் ஏசினால் இன இழிவு என்று முழங்குவோம். அந்த வசையின் முதற்பாதி நம்மவர் சாதிக் கூட்டில் அடைகாத்த சொல் என்பதை மட்டும் முழங்கமாட்டோம்.

அப்படியானால் என்னவென்று அழைப்பது? 'மலையகத் தமிழர்' என்று அவர்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1823 முதலாக எண்ணி இருநூறு ஆண்டு நிறைந்த 2023 இல், முன்னோர் நடந்து மாண்ட வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகச் சென்றபோது 'மாண்புமிகு மலையக மக்கள்' என்றார்கள். 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் இந்தியத் தமிழர் என்பதோடு அப்பெயரைச் சேர்த்தது. 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்பதை விரும்புவோரும் அவர்களுள் உண்டு. அந்த வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், நமக்கு அங்கே நாட்டாண்மை வேண்டியதில்லை. சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, உங்கள் முன் வந்து நிற்பவரைப் பெரும்பாலும் எந்த இனப்பெயராலும் அழைக்க வேண்டிய தேவையே இராது. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும்.

இதை எழுதுகின்ற என் வீட்டிலும் 1970 களில் நுவரெலியாப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் வேலைக்கு நின்றான். ஆட்டுக்குக் குழை ஒடித்தான். எங்கள் புத்தகப் பைகளைப் பாடசாலைவரை சுமந்தான். 'தோட்டக்காட்டுப் பெடியன்' என்பதே அவனுக்குப் பெயர். சென்ற மாதம் உடன்பிறந்தார் நால்வரையும் கேட்டுப் பார்த்தேன். அவனுடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.