லோரி மோதினால் சம்பளத்தில் பிடிப்பதா?

தோட்டத்து லோரி மோதிவிட்டால், பழுதுச் செலவை டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கலாமா? கூடாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என வரையறுக்கிறது. வாங்கிய முன்பணம் அதில் உண்டு. லோரியின் பழுது இல்லை. வேலையின்போது டிரைவரின் கவனக்குறைவால் பிறர் காயமுற்றால் முதலாளியும் பொறுப்பாளியே. லாபம் எடுப்பவர் நஷ்டத்தையும் சுமப்பதுதானே நியாயம்!

ஆயினும் ஆபத்து முற்றும் நீங்கிவிடவில்லை. 1956-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, லிஸ்டர் வழக்கில், முதலாளி கொடுத்த நஷ்ட ஈட்டை டிரைவரிடமே திரும்பக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. காயமுற்றவர், உடன் வேலை செய்த அந்த டிரைவரின் சொந்தத் தகப்பனார்! முதலாளியின் பெயரில் வழக்கை நடத்தியது இன்சூரன்ஸ் கம்பெனி. பின்னர் அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகள், வேண்டுமென்றே செய்த குற்றமோ சதியோ இல்லாதவரை இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று தமக்குள் உடன்பட்டன. அந்த வாக்குறுதியை நாம் கூட்டு ஒப்பந்தத்தில் விதியாகவே கேட்க வேண்டும்.

தோழர்களே! போக்குவரத்துக் குற்றத்துக்கான சம்மன் ஓட்டியவர் பெயரிலும் வரலாம். பிரேக் பழுதானால் எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத தாளில் கையொப்பமிடாதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்!